செத்த காலேஜுக்குச் சில பொருட்கள்

10 பிப்ரவரி 1985

வாடைக் காற்று இன்னும் நிற்கவில்லை. பழவேற்காட்டுப் படகு மதியத்துக்குப் பிறகுதான் வந்தது. மண்ணெண்ணெய் இல்லை என்று சொல்ல வந்தது.

அண்ணி கொல்லையில் கிடந்த வலையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். "உங்க அண்ணன் வந்து பாத்தா இன்னா சொல்லும்? எலி கடிச்சிருக்கு பாரு" என்றாள்.

வந்து பார்த்தால். நவம்பர் புயலில் போனவன். கூடப் போனவர்களின் உடல்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. எல்லப்பன் வரவில்லை. உடலும் வரவில்லை. ஆகவே தேவகி அண்ணிக்கு அவன் இன்னும் வந்துகொண்டிருக்கிறான்.

எலி கடித்த இடத்தைப் பார்த்தேன். பெரிய ஓட்டை.

எம்.ஏ. படித்தவனால் முடிந்தது: ஓட்டையைப் பார்ப்பது.

11 பிப்ரவரி

அந்த அறை ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. போன ஆகஸ்டு. மயிலாப்பூரில் ஒரு மாடி. ஏதோ ஓர் அறக்கட்டளை இசை நாடகத்துக்கென்று ஓர் அருங்காட்சியகம் தொடங்கப் போகிறதாம். உதவியாளர் வேலைக்கு நேர்காணல். மேசைக்குப் பின்னால் நான்கு பேர். ஒருவர் கேட்டார்: "உங்களிடம் ஓர் அறையைக் கொடுத்தால் என்ன வைப்பீர்கள்?"

கிரீடம், ஆர்மோனியம் என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். பழைய சாமான் கடைக்காரன் கூவுவது போலக் கேட்டது. "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். சிரித்தார்கள். பிறகு கூப்பிடவில்லை. அருங்காட்சியகமும் கட்டப்படவில்லை என்று கேள்வி.

நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்கள் எழுந்து போன பிறகும்.

12 பிப்ரவரி

பொருள்: ஆர்மோனியத்தின் ஒரே ஒரு கட்டை. உள்ளே இருக்கும் ரீடை உப்புக் காற்று தின்றுவிட்டது. அழுத்தினால் சுரம் வராது, மூச்சு மட்டும் வரும். கண்ணாடிப் பெட்டி வேண்டாம். வருகிறவர்கள் அழுத்திப் பார்க்கட்டும்.

16 பிப்ரவரி

பொருள்: எங்கள் தீவு நாடகத்தின் முன்திரை. அது ஒரு படகின் பாய். கிழிசலும் ஒட்டுமாக இருக்கும். ராஜா பேசும்போது பின்னால் மீன் வாடை அடிக்கும். நாடகம் முடிந்ததும் படகுக்காரன் அவிழ்த்துக்கொண்டு போய்விடுவான். ஆகவே அறையில் வெறும் மூங்கில்தான் இருக்கும். கீழே ஓர் அட்டை: பாய் வேலைக்குப் போயிருக்கிறது.

இதைப் படித்தால் எல்லப்பன் சிரித்திருப்பான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்ட வேண்டும்.

19 பிப்ரவரி

அண்ணியிடம் சொல்லித் தொலைத்தேன். சாப்பிடும்போது ஏதோ பேச வேண்டுமே என்று.

"மியூசியம்னா இன்னா, செத்த காலேஜா?" என்றாள்.

பட்டணத்தில் அதற்கு அதுதான் பெயர். மிருகங்கள் இருப்பது உயிர் காலேஜ். எழும்பூரில் இருப்பது செத்த காலேஜ்.

"கல்யாணமான புதுசுல உங்க அண்ணன் இட்டுனு போச்சி. திமிங்கலத்து எலும்ப பாத்து நான் பயந்துட்டேன். அது வுழுந்து வுழுந்து சிரிச்சிது. 'இதுக்கே பயந்தா என்ன எப்டிடி கட்டிக்கின'னு கேட்டுச்சி." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அங்க செத்ததத்தான தம்பி வெப்பாங்க?"

எழுந்து உள்ளே போனாள். சுவர் ஆணியில் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. போன வருடம் அண்ணன் மந்திரி வேஷம் போட்டான். முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி, அந்தத் துண்டில் முகத்தைத் துடைத்தான். அரிதாரம் மஞ்சளும் சிவப்புமாக அதில் அப்பியிருக்கிறது. நெற்றி தெரிகிறது. கன்னம் தெரிகிறது. மூக்கு இருந்த இடம் வெள்ளையாக. வேஷச் சாமானோடு கிடந்ததைப் புயலுக்குப் பிறகு அவள் எடுத்து மாட்டினாள், துவைக்கவே இல்லை.

அதை எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"இத்த கொண்டும்போயி உன் காலேஜுல வெச்சிடாத."

அவளுக்கு எப்படித் தெரிந்தது?

24 பிப்ரவரி

கோதண்டம் மாமா வந்தார். ஊர்த் தலைவர். உட்காரவில்லை. உட்காராமல் பேசினால் ஊர் விஷயம் என்று அர்த்தம்.

இதை எனக்கே ஒருமுறை சரியாக எழுதிப் பார்க்கிறேன். இந்தத் தீவில் யாரும் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. ஏரியின் நல்ல இடங்களுக்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். முறை வருகிற வீடு அன்றைக்கு அந்த இடத்தில் வலை கட்டும். நாடகத்துக்கும் இதே முறைதான். ராஜா, ராணி, மந்திரி, பபூன் எல்லாமே வருடத்துக்கு வருடம் வீடு மாறும். சித்திரையில் கங்கையம்மன் முன்னால் வீட்டுக்காக மேடை ஏறியவன் எவனோ, மறுநாள் விடிந்ததும் பாடு கூப்பிடும்போது அவன் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். முறை வந்தும் ஏறாத வீட்டுக்கு அந்த வருடம் ஏரி இல்லை.

"இந்தச் சித்திரைக்கி ராணி வேஷம் உங்க வூடு" என்றார். "நீ ஏறணும்."

உள்ளிருந்து அண்ணி: "பேர மாத்தாதீங்க மாமா. அது வந்து ஏறும்."

"வரட்டுமே. நான் வேணான்னா சொல்றேன்?"

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தார். "ராஜவேலு, நீ ஏறினா உம்பேரு. ஏறலன்னா ஏரி கெடையாது. நான் வெச்ச சட்டமா இது? என் அப்பனுக்கும் இதான்."

நான் ஏறினால் எல்லப்பன் என்கிற பெயர் நின்றுவிடும். ஊர் அவனைச் சாக அனுமதித்துவிடும். ஏறாவிட்டால் அவன் பெயர் இருக்கும், அடுப்பு இருக்காது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில்.

27 பிப்ரவரி

எல்லப்பன் பெயருக்கு வரும் முறை வீணாகிறது. அண்ணி ஏரியில் இறங்கிவிட்டாள். எங்கள் தெருப் பெண்கள் இறங்குவதில்லை. இடுப்பளவு சேற்று நீரில் குனிந்து, கையால் தடவித் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறிக்குள் போடுகிறாள். ஓலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பதால் கரையில் யார் என்ன சொன்னாலும் பதில் பேச முடியாது.

சொன்னார்கள்.

3 மார்ச்

பக்கத்துத் தீவான பசியாவரத்துக்காரர் யாரோ சொல்லிவிட்டார்களாம்: புயலில் நெல்லூர்ப் பக்கம் ஒதுங்கிய இருவர் பொங்கலுக்குப் பிறகு லாரி ஏறி ஊர் திரும்பினார்கள் என்று. அண்ணிக்கு அது போதும். படகில் ஆரம்பாக்கம், அங்கிருந்து பஸ்ஸில் எளாவூர் செக்போஸ்ட். ஆந்திராவிலிருந்து வரும் லாரி எல்லாம் அங்கே நிற்கும்.

அவள் ஒவ்வொரு லாரியாகப் போய்க் கேட்டாள். நான் பின்னால் நின்றேன். வெட்கமாக இருந்தது. அதை எழுதத்தான் வேண்டும்.

நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று. டிரைவர் வயதானவர், தெலுங்குக்காரர். "இன்னாம்மா அடையாளம்?"

"ஒசரமா இருக்கும். நல்லா பாடும்."

"பாடற ஆளு எங்கூர்ல தெருவுக்கு நாலு பேரு. இன்னா பாட்டு பாடுவான், சொல்லு. கேட்டிருந்தா தெரியும்."

விளையாட்டாகத்தான் கேட்டார். அண்ணி முந்தானையை இழுத்துக்கொண்டு பாடிவிட்டாள்.

போன திசை சொல்லாமல் போனீரே மன்னா
ஏத்தி வெச்ச விளக்குக்கு என்ன பதில் சொல்வேன்

ராணியின் பாட்டு. கடைசிக் காட்சிக்கு முன் வருவது. இந்த வருடம் ராணி தன் வீட்டுக்குத்தான் என்று தெரிந்து, அண்ணன் போன ஆடியிலிருந்தே பாடிப் பழகிக்கொண்டிருந்திருக்கிறான். அவள் அடுப்படியில் கேட்டிருக்கிறாள். ஒரு பிசிறு இல்லை. அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

டிரைவர் தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "லேதம்மா" என்றார். பிறகு தமிழில், "கேக்கலம்மா. பின்னால வர்ற வண்டியையும் கேளு."

தடைக்கம்பு மேலே போனது. லாரி போனது.

பின்னால் வந்த வண்டியையும் கேட்டோம்.

4 மார்ச்

பொருள்: ஒரு செக்போஸ்ட் தடைக்கம்பு. அது தூக்கப்படுவதற்குள் பாடி முடித்த இரண்டு வரிகள்.

இது இசை நாடகம் ஆகாது என்பார்கள். பின்னே எது?

15 மார்ச்

ஷாகுல் ஹமீது வந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன். பழவேற்காட்டில் சைக்கிள் கடை. எங்கள் நாடகத்துக்கு அவன்தான் பெட்டி வாசிப்பான். முன்பு அவன் வாப்பா. நான் ஏறப்போவதில்லை என்று சொல்லியும், "சும்மா தொண்டையப் பாப்போம்டா" என்று ஆர்மோனியத்தைத் திறந்துவிட்டான்.

பாடினேன்.

"டேய் எம்.ஏ.! தொண்டையில இன்னா, பஞ்சரா? எங்க காத்து போவுதுன்னே தெரியல."

"விடுடா."

"உங்க அண்ணன் அஞ்சு கட்டையில நிப்பாரு. அக்கரையில நாய் எழுந்திரிக்கும். உனக்கு நான் மூணுக்கு எறங்கி வரேன். அதுக்குக் கீழ எறங்கினா பொட்டி அழுவும்."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அண்ணி கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஷாகுல் பேச்சை விட்டான். துருத்தியை மெல்ல மூடினான்.

"இந்த வூட்ல வேற குரல் வரக் கூடாது போல" என்றான், படகுத்துறையில்.

18 மார்ச்

எம்.ஏ. படித்தபோது சென்னையில் நாங்கள் போட்ட நாடகம். மூன்று நாற்காலி, ஒரு சிவப்பு விளக்கு. பன்னிரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. கைதட்டினார்கள். மௌனத்தை மேடையில் வைத்துவிட்டோம் என்று ஒருவர் எழுதினார்.

இந்த வீட்டில் மௌனத்துக்கு யாரும் கைதட்டுவதில்லை. உலை கொதிக்கிறது. அவ்வளவுதான்.

25 மார்ச்

அண்ணியின் கையில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. சேற்றுக்குள் தடவும்போது. மணிக்கட்டு வரை வீங்கியிருக்கிறது. வளையல்கள் சதைக்குள் அழுந்தி நிற்கின்றன. காய்ச்சல். மஞ்சள் அரைத்துப் போட்டேன். முனகவில்லை. பறியைக் கவ்விப் பழகிய வாய்.

"நாளைக்கி செரியாயிடும். நீர் வத்தறதுக்குள்ள எறங்கணும்" என்கிறாள்.

நான் நேராகக் கோதண்டம் மாமா வீட்டுக்குப் போய், ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மனைவி குப்பம்மா அத்தை வாசலில் இறால் காயவைத்துக்கொண்டிருந்தாள். "இப்பதான் ஆம்பளயா வந்து நிக்கற. அதுவும் பொம்பள வேஷத்துக்கு" என்றாள்.

சிரித்தேன். வேறென்ன செய்வது.

29 மார்ச்

காய்ச்சல் விட்டது. மேடை ஏறுகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன்.

அண்ணி வளையல் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "பபூனா ஏறேன். மந்திரியா ஏறேன். ராணியாத்தான் ஏறணுமா?"

"முறை ராணிக்குத்தானே அண்ணி வந்திருக்கு."

"ராணி வளையல் ஒடைக்கும்."

ஆம். ராஜா செத்தான் என்று தூதன் வந்து சொல்ல, ராணி பாடிவிட்டு வளையலை உடைப்பாள். பிறகு ராஜா உயிரோடு திரும்பி வருவான். செய்தி பொய். மங்களம். வழக்கப்படி ராணிக்குப் புடவையும் வளையலும் அந்த வீட்டுப் பெண்தான் தர வேண்டும்.

"ராஜா திரும்பி வருவார்ல அண்ணி" என்றேன். ஏன் சொன்னேன்? எவ்வளவு மலிவான வாக்கியம்.

"ஒடச்ச பொறவுதான வராரு?" என்றாள். "ஒடைக்காம இருந்தா இன்னா, வரமாட்டாரா?"

பெட்டியிலிருந்து நீலப் புடவையை எடுத்து என்மேல் எறிந்தாள். "புடவ தரேன். வளையல் தரமாட்டேன்."

10 ஏப்ரல்

பொருள்: பாட்டுக்கு முன் தொண்டையைக் கனைக்கும் சத்தம். எல்லப்பனுடையது. எவரும் பதிவு செய்து வைக்கவில்லை. ஆகவே காலி அறை. கதவில் அவன் பெயர்.

கதவும் வேண்டாம்.

20 ஏப்ரல்

அண்ணி என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வருகிறது. குப்பம்மா அத்தை கடை வளையல் வாங்கி வைத்திருக்கிறாள்.

27 ஏப்ரல்

எழுதிவிட வேண்டும். மணிக்கட்டு எரிகிறது. எழுதிவிட வேண்டும்.

நேற்று நாடகம். பாய் கட்டினார்கள், பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். வேஷக்காரன் திரையை விலக்கி வருவதற்கு முன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். கோதண்டம் மாமாதான் கூப்பிடுவார். பாடு கூப்பிடுகிற அதே குரல், அதே இழுவை. வருடக்கணக்காகப் பழகிய வாய். ராஜாவாக மாரியைக் கூப்பிட்டார். மாரி போனான். மந்திரியைக் கூப்பிட்டார். பிறகு —

"ராணி வேஷம்! எல்லப்பன் வரான்!"

பாயின் கிழிசல் வழியாகப் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் அண்ணி எழுந்து நின்றுவிட்டாள்.

எழுந்து நின்று, ஒரு கையால் தலைமுடியைச் சரிசெய்தாள்.

ஐயோ. ஊரே அவளைத்தான் பார்த்தது. மேடையை ஒருவரும் பார்க்கவில்லை. கோதண்டம் மாமா வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. ஷாகுல் ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான், விடாமல், விட்டால் என்ன ஆகுமோ என்பது போல.

வர வேண்டியவன் நான். இன்னா பண்ணுவேன்? போகாமல் நிற்க முடியுமா? நின்றால் அவள் நின்றுகொண்டேயிருப்பாள். பாயை விலக்கினேன். அவளுடைய நீலப் புடவையில், அரிதாரத்தோடு, அவன் பெயருக்கு நான் போய் நின்றேன்.

பார்த்தாள்.

மெதுவாக உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு என்ன பாடினேன் என்று தெரியாது. பபூன் ஏதோ சொன்னான், சிரித்தார்கள். கடைசிக் காட்சிக்கு முன் பாய்க்குப் பின்னால் வந்து மண்ணில் உட்கார்ந்திருந்தேன். குப்பம்மா அத்தை வந்தாள். கையில் முடிச்சு.

"கடை வளையல கழட்டு."

"ஏன் அத்தை?"

"தேவகி குடுத்தனுப்பிச்சி."

முடிச்சை அவிழ்த்தாள். பச்சைக் கண்ணாடி வளையல்கள். இன்னும் சூடாக இருந்தன. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. என் கை பெரியது, ஏறவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி, எலும்பை நெருக்கி ஏற்றினாள். அவள் கண்ணீர் என் கைமேல் விழுந்தது. "கைய மடக்குடா பாவி, கைய மடக்கு" என்றாள்.

மேடை. தூதன் வந்து ராஜா இறந்தார் என்றான். முதல் வரி பாடினேன். இரண்டாவது வரி வரவில்லை. அண்ணி எடுத்துப் பாடுவாள் என்று நினைத்தேன். அவளுக்குத் தெரியுமே. அவள் பாடவில்லை. தலை குனிந்து மணலில் விரலால் ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். ஷாகுல்தான் அந்த வரியைப் பெட்டியில் வாசித்தான். சொல் இல்லாமல் ஒருமுறை. திரும்ப ஒருமுறை.

உடைத்தேன்.

ஊர் அழுதது. பிறகு ராஜா திரும்பி வந்தார். மாரி எனக்குப் புது வளையல் போட்டான். கைதட்டினார்கள். மேடையில் எல்லோரும் திரும்பி வருகிறார்கள்.

விடிந்ததும் துறையில் பாடு கூப்பிட்டார்கள். முகத்தைக்கூட நான் சரியாகத் துடைத்திருக்கவில்லை. கோதண்டம் மாமா எங்கள் வீட்டு முறைக்கு வந்தபோது நிறுத்தினார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். பிறகு கூப்பிட்டார்.

"ராஜவேலு!"

"இருக்கேன்."

"சத்தமா சொல்லுடா, காதுல வுழல" என்று பின்னாலிருந்து எவனோ.

சத்தமாகச் சொன்னேன்.

28 ஏப்ரல்

பொருள்: ஒன்றும் இல்லை.

9 மே

வலையில் எலி கடித்த இடத்தை அண்ணியே உட்கார்ந்து பின்னிவிட்டாள். அவள் கைகள் வெறுமையாக, வேகமாக.

2 ஜூன்

வலை கட்டத் தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கழி நட்டால் சாய்கிறது. ராஜா வேஷம் போட்ட மாரி கூடவே வந்து தெலுங்கிலும் தமிழிலும் திட்டுகிறான். அண்ணி இப்போது ஏரியில் இறங்குவதில்லை.

இன்று எங்கள் முறை. நண்டும் கொஞ்சம் மடவை மீனும். கரையேறி வந்தபோது அண்ணி கொல்லையில் இருந்தாள்.

கொடியில் அந்தத் துண்டு. துவைத்திருக்கிறாள். மஞ்சள் ஓர் ஓரத்தில் மட்டும் நிற்கிறது. நெற்றி இல்லை. கன்னம் இல்லை.

உருவி என்னிடம் எறிந்தாள். "மூஞ்ச தொடச்சிக்கோ. சேறு."

கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா பாக்கற? துண்டுதான?"

துடைத்தேன். சவுக்காரம், வெயில். வேறு வாசனை இல்லை.

எங்கே வைப்பது என்று கேட்டேன்.

"கொடியிலயே போடு. நாளைக்கும் வேணும்ல."